ஏழு வகைச் சுண்டல்

மண்ணச்சநல்லூர்
4.11.2024

அன்பு மகள் அறிவுமதிக்கு,

அப்பா எழுதுவது. இன்று காலை நம் ரைஸ் மில்லில் ஆட்களை எல்லாம் கூட்டி, வரலாற்றில் நிற்கக்கூடிய ஒரு முடிவை அறிவித்தேன். ஸ்ரீரங்கத்தில் உன் வீட்டுக்கு மாதாமாதம் வரும் அரிசி இனி அரை மூட்டை. சிலர் கண்கலங்கினார்கள், உமித்தூசியாகவும் இருக்கலாம்.

கர்ப்பத்தில் உனக்குச் சர்க்கரை வந்ததும் சோற்றைக் குறைக்கச் சொன்ன டாக்டரை மன்னித்துவிட்டேன். ஆனால் இன்சுலின் ஊசி மட்டும் வேண்டாம்மா. ஒரு தடவை குத்தினால் ஆயுசுக்கும் விடாது என்கிறார்கள். வயிற்றுப் பிள்ளைக்கும் ஏதாவது ஆகிவிட்டால்? போனில் பேசினால் இருவரும் கத்துகிறோம். அதனால்தான் கடிதம்.

அன்புடன்,
அப்பா நல்லதம்பி


ஸ்ரீரங்கம்
20.11.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

அரை மூட்டை வந்தது. டாக்டர் வேளைக்கு ஒரு கப் சோறுதான் அனுமதிக்கிறார். பிள்ளை பள்ளிக்கூடம் போகும்வரை காணும்.

இரண்டு வாரம் அளந்து சாப்பிட்டேன், நடந்தேன். சர்க்கரை இறங்கவில்லை. இன்று காலை முதல் ஊசி போட்டுக்கொண்டேன். கோபப்படாமல் படியுங்கள்: இன்சுலின் குழந்தைக்குப் போகாது. என் சர்க்கரைதான் போகும்.

சர்க்கரையை மறைத்து, எனக்குக் கேஸ் ட்ரபிள் என்று ஊரெல்லாம் சொல்லிவருகிறீர்களாமே. வளைகாப்பில் ஏழு வகைச் சாதத்தை ஆளுக்கொரு வாய் ஊட்ட வருவார்கள். கேஸ் ட்ரபிள் என்றால் யார் விடுவார்கள்?

உங்கள்
மதி


மண்ணச்சநல்லூர்
9.12.2024

அன்பு மகளுக்கு,

நேற்று நீ மணையில் உட்கார்ந்திருந்ததால் பந்தியில் நடந்தது தெரிந்திருக்காது. ஏழு சாதத்தையும் நிறுத்திவிட்டு, ஏழு வகைச் சுண்டல் போடச் சொல்லியிருந்தேன். உன் ராசாத்தி அத்தை இலையைப் பார்த்தார்.

"ஏன்டா நல்லதம்பி, இது வளைகாப்பா, கொலுவா? ரைஸ்மில்காரன் வீட்டுல சோத்துக்குப் பஞ்சமா?"

"எம் பொண்ணுக்குச் சர்க்கரை, அக்கா. ஊசி போட்டுக்கறா. புள்ள நல்லா இருக்கு. பட்டாணி இன்னொரு கரண்டி வைக்கவா?"

மண்டபமே கேட்கும்படி சொன்னேன். பிறகு கை கழுவும் இடத்தில் மூன்று பெண்கள், ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர், உன் டாக்டர் பெயரைக் கேட்டுக்கொண்டு போனார்கள்.

ஊசியை நேரம் தவறாமல் போடு.

அப்பா


திருச்சி
12.2.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நேற்று பேத்தியைக் கையில் வாங்கிக்கொண்டு, "மூணு கிலோ! சரியான எடை!" என்று நர்ஸ் பாக்கியமேரியிடம் நீங்கள் முழங்கியதை வார்டே கேட்டது. பக்கத்துக் கட்டில்காரம்மா நீங்கள் குழந்தை வியாபாரியா என்று விசாரித்தார். அரிசி என்று சொல்லிவைத்தேன்.

குழந்தைக்குச் சர்க்கரை சரியாக இருக்கிறது. எனக்கு ஆறு வாரம் கழித்து ஒரு பரிசோதனை.

உங்கள்
மதி

பி.கு.: பிரசவம் ஆனதும் இன்சுலினை நிறுத்திவிட்டார்கள்.