இரண்டு பேர் மடிக்கும் சோமாஸ்

மரவள்ளிக்கிழங்கு இங்கே உறைய வைத்த பாக்கெட்டில் கிடைக்கிறது அக்கா. நேற்று வாங்கி வந்து வேகப்போட்டேன். ஆவி எழுந்ததும் கள்ளக்குறிச்சி வீட்டுப் பின்கட்டில் நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள். வெள்ளிமலை பஸ்ஸில் வந்திறங்கிய கிழங்கு, பக்கத்தில் அரிவாள்மணை. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள்.

அந்த வீட்டுக்கு நான் இரண்டாவது மருமகளாக வந்தபோது எனக்குச் சமையலே வராது. மூத்த மருமகளான நீங்கள் என்னைக் கேலி செய்யவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் சோமாஸ் செய்ய என்னைத்தான் கூப்பிட்டீர்கள். நீங்கள் தேய்ப்பீர்கள், நான் உள்ளே வைத்து மடிப்பேன். "இது ரெண்டு பேரு வேலமா. தனியா செஞ்சா மாவு காஞ்சிடும், ஓரம் ஒட்டாது."

கொத்துக்கறி வைத்தது ஒரு கூடை, கிழங்கும் கேரட்டும் வைத்தது இன்னொரு கூடை. மார்கழியில் பாதித் தெரு மாலை போட்டிருக்கும். எந்த வீட்டில் என்ன நிலவரம் என்பது உங்களுக்கு அத்துப்படி. "எதிர் வூட்ல மாலை போட்டுக்கினு இருக்காங்க, காய் வையி. கோடி வூட்ல போன வாரமே கழட்டிட்டாங்க, கறி குடு."

கறிக்கு ஓரத்தை முறுக்கி மடிக்க வேண்டும், காய்க்கு முள்கரண்டியால் அழுத்த வேண்டும். ஒரு வருஷம் பேச்சு சுவாரசியத்தில் எல்லாவற்றையும் முறுக்கி, ஒரே கூடையில் கொட்டியும் விட்டோம். நீங்கள் ஒவ்வொன்றாக முகர்ந்தீர்கள். சந்தேகம் தீராமல் ஒடித்துப் பார்த்தீர்கள். முழுசாக ஒன்றும் மிஞ்சவில்லை. மாலை போட்ட வீடுகளுக்கு வாழைப்பழம்தான் போனது. எதிர் வீட்டுக்காரர் வாசலில் வந்து நின்று, "மாலைய கழட்டினதும் வர்றேங்க, என் பங்க எடுத்து வைங்க" என்றார். நீங்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடிவிட்டீர்கள்.

இங்கிலாந்தில் முதியோர் இல்ல வேலைக்கு நான் வந்த பிறகும் நாம் இதை விடவில்லை. மாவு டப்பாவில் செல்போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு, நீங்கள் அங்கே, நான் இங்கே. "பேச்ச வுட்டுட்டு மடி, மாவு காயுது" என்று ஏழு கடல் தாண்டியும் அதட்டுவீர்கள்.

போன ஆடியில் மார்வலி என்றீர்களாம். ஆஸ்பத்திரி போவதற்குள் முடிந்துவிட்டது. எனக்கு லீவு கிடைக்கவில்லை. பெட்டியைக் குழியில் இறக்கியபோது யாரோ செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். பாதி நேரம் எனக்கு வானம்தான் தெரிந்தது.

இந்த வருஷம் செய்யவே வேண்டாம் என்றுதான் இருந்தேன். மனசு கேட்கவில்லை. உங்கள் கொழுந்தனாருக்குச் சோமாஸ் தின்னத் தெரியும், மடிக்கத் தெரியாது. அவரும் ஷிப்டுக்குப் போய்விட்டார். ஒன்றைத் தேய்த்து, ஒன்றை மடித்து, ஒன்றைப் பொரித்தேன். அப்படியும் நாலைந்து எண்ணெயில் வாயைப் பிளந்தன. மாவு காய்கிறது என்று சொல்ல வீட்டில் ஒரு குரல் இல்லை.

பொரித்து முடித்த பிறகுதான் யாருக்குக் கொடுப்பது என்று யோசித்தேன். எதிர் கதவில் யார் இருக்கிறார்கள், கறி தின்பார்களா, எதுவும் தெரியாது. மூன்று வருஷமாக ஒரே மாடியில் இருக்கிறோம். காய் என்றால் வம்பில்லை என்று அதை மட்டும் தட்டில் வைத்துக் கதவைத் தட்டினேன். வயதான ஒரு அம்மா வாங்கிக்கொண்டார், நன்றி சொன்னார், கதவைச் சாத்திக்கொண்டார்.

இன்று காலை என் வாசலில் தட்டு இருந்தது. பளிச்சென்று கழுவித் துடைத்து வைத்திருந்தார். அவர் மேல் தப்பில்லை, அவர்கள் வழக்கம் அது. நம் தெருவில் யாரும் வெறும் தட்டைத் திருப்பித் தர மாட்டார்கள். வீட்டில் ஒன்றுமே இல்லாத நாளிலும் நீங்கள் ஒரு சிட்டிகை சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுத்தனுப்புவீர்கள்.

அந்தத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அழுகை வந்துவிட்டது அக்கா. பிறகு உள்ளே வந்து, நானே அதில் ஒரு சிட்டிகை சர்க்கரை போட்டேன். அதை வாயில் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பினேன்.