இராக்கம்மாவை அம்மாவாக்கியவன்

பெப்ரவரி 2
பனி. பல்வலி. இன்டர்நெட்டில் என் கதைகளைப் போடுகிற புளொக்கை, நான் சொல்லச்சொல்லப் போனில் தட்டித் தருபவள் மருமகள் நிஷாந்தினி. இன்று போனோடு வந்து, "மாமா, நீங்க சொன்னத பதுளை டியூஷன் மாஸ்டர் சிவஞானம் தன் பேருல போட்டிருக்காரு" என்றாள்.

என் பொஞ்சாதி இராக்கம்மா தேயிலைக் கொழுந்துக் கூடையை இறக்கிவிட்டு, என்னைத் திட்டிக்கொண்டே செத்த கதை. திட்டை வெட்டிவிட்டு, "என் அன்னை புன்னகையோடு விடைபெற்றார்" என்று எழுதியிருக்கிறான்.

எம்பொஞ்சாதிய அவனுக்கு ஆத்தாளாக்கிட்டான். அப்ப நான் யாரு, அப்பனா? அப்பன்னா அடிக்கலாமுல்ல?

பெப்ரவரி 5
மாஸ்டருக்குப் போன் போட்டேன். மரியாதையாகத்தான் பேசினான். "ஐயா, உங்க தமிழ் கொச்சையா கெடக்கு. நான் திருத்தினாத்தான் நாலு பேரு படிப்பாங்க." ஆமாங்க மாஸ்டர் என்று வைத்துவிட்டேன்.

புன்னகையாம். அவ எங்க சிரிச்சா? "அடுப்புல பாலு பொங்குது, பாருய்யா குருட்டுப்பயலே" — அதுதான் கடைசிப் பேச்சு. அது எனக்குச் சொன்னது. எனக்கு மட்டும்.

பெப்ரவரி 8
பசறையில் மாஸ்டருக்குப் பொன்னாடையாம். தோட்டத்து வாழ்க்கையை வாழ்ந்து எழுதியவராம்.

சரி. தீனி போடுவோம்.

பெப்ரவரி 9
வாலிபத்தில் காமன் கூத்தில் ரதி வேஷம் கட்டியதைப் புளொக்கில் போட்டேன். மீசை மழித்தது, சேலை தடுக்கி விழுந்தது, எல்லாம். எங்கள் தோட்டத்து வழக்கத்தையும் சேர்த்தேன்: ரதி கட்டினவன் கிழவனானாலும், காமன் எரிந்ததும் ரதி அழுகிற இடத்துத் தப்பு மேள அடி கேட்டால் எழுந்து ஆடியே ஆகவேண்டும். பொய் ஒன்றும் கலக்கவில்லை.

பெப்ரவரி 11
விழுங்கிட்டான். "இளமையில் நான் ரதியாக..." விழுந்ததை வெட்டியிருக்கிறான். வழக்கத்தை வெட்டவில்லை.

பெப்ரவரி 13
தப்படிக்கும் பொன்னையாவிடம் விஷயத்தைச் சொன்னேன். பாவம்யா என்றான். இராக்கம்மா பாவமில்லையா என்றேன். தப்பைத் தீயில் காட்டிச் சூடேற்றித் தட்டிப் பார்த்தான்.

பெப்ரவரி 16
பசறை மண்டபம் முழுக்கத் தோட்டத்து ஆட்கள். பொன்னாடை போர்த்தினதும், மாஸ்டருக்கு மரியாதை என்று பொன்னையா ரதி அழுகிற அடியைத் தொடங்கினான். மாஸ்டர் சந்தோசமாகக் கைதட்டினான். சனம் அவனையே பார்த்தது. தட்டிக்கொண்டே இருந்தான்.

முன்வரிசையில் ஒரு அம்மா, "எந்திரிங்க மாஸ்டர். நீங்கதானே எழுதுனீங்க" என்றாள்.

கை நின்றது. எந்த அடி என்றே அவனுக்குத் தெரியவில்லை.

நான் எழுந்தேன். சாரத்தைத் தூக்கிக் கட்டி ஆடினேன். அந்தக் காலத்தில் போலவே தடுக்கி விழுந்தேன். நிஷாந்தினி அதற்குள் போனில் என் புளொக்கைத் தேதியோடு வரிசை வரிசையாகக் காட்டிக்கொண்டு வந்தாள். கிடந்தபடியே மேடையைப் பார்த்துக் கூப்பிட்டேன்:

"மகனே, அப்பனத் தூக்கிவிடுடா."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. முட்டி வீக்கம். பரவாயில்லை.

பெப்ரவரி 28
மாஸ்டர் பக்கத்தில் என்னுடையது எதுவும் இல்லை. புதிதாக ஒன்று போட்டிருக்கிறான் — அவனுடைய சொந்த அம்மாவைப் பற்றி. தையல் மெசினில் உட்கார்ந்தபடி அவனைத் திட்டுவாளாம். பேசுகிற மாதிரியே எழுதியிருக்கிறான். திட்டை வெட்டவில்லை.

எப்படி மாமா என்றாள் நிஷாந்தினி.

நல்லாயில்லை என்றேன். இன்னொரு தரம் படிக்கச் சொன்னேன்.