எடுத்துக் கொடுக்காத வரி

நீங்கள் இறந்த பிறகு இன்றுதான் அந்தக் கறுப்புக் கோட்டைத் திரும்பப் போட்டேன். ஈஸ்ட் ஹாம் ஸ்டேஷனில் ஒய்ஸ்டர் கார்டைத் தேடிப் பொக்கற்றுக்குள் கைவிட்டபோது விரலில் ஏதோ ஒட்டியது. உங்கள் டென்மார்க் உப்பு மிட்டாய். தார்க்கட்டி மாதிரி, அதே அதிமதுர மணம். முதல்முறை வாயில் போட்ட அம்மா, "இருமல் மருந்துக்குள்ள உப்பைக் கொட்டினமாதிரிக் கிடக்கு" என்று உங்கள் சிங்க்கில் துப்பினாரே, அந்த மிட்டாய். அதோடு ஒட்டிக்கொண்டு நான்காக மடித்த ஒரு தாள். பிரிக்காமலே அதில் என்ன இருக்கிறதென்று தெரியும். ரயில் வந்து போனது. நான் ஏறவில்லை.

அம்மா, உங்களை வீட்டில் பராமரிக்கக் கவுன்சில் அனுப்பிய கெயரர். நான் பதினாறு முடியும் முன்பே பள்ளிக்கூடத்தை விட்டிருந்தேன். வகுப்பில் பெயர் கூப்பிட்டால் 'யெஸ்' சொல்லக்கூடத் தொண்டை திறக்காது. "இவளைத் தனிய விட்டால் சுவரோடையும் கதைக்கமாட்டாள்" என்று அம்மா என்னையும் கூட்டிவந்தார். உங்கள் ஆங்கிலம் எனக்கு எங்கள் தமிழிலேயே ஞாபகம் நிற்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

நீங்கள் நடித்த பழைய படங்களைப் பார்ப்பதென்றால் ரிமோட்டைக் கையிலேயே வைத்திருக்க வேண்டும். "நிப்பாட்டு, நிப்பாட்டு! ஐயோ, போயிட்டன்!" என்று கத்துவீர்கள். எல்லா டேனிஷ் படத்திலும் நீங்கள் வேலைக்காரி. கதவைத் திறப்பீர்கள், யாருடையவோ தொப்பியை வாங்குவீர்கள், அவ்வளவுதான். மேடையிலோ, உங்கள் கடற்கரை ஊரில், இருபது வருஷம் ராணியாகவும் தாயாகவும் கொலைகாரியாகவும் நின்றவர். "படம் மிஞ்சும் பிள்ளை, நாடகம் மிஞ்சாது. அதாலதான் நான் வேலைக்காரியாய் மிஞ்சியிருக்கிறன்."

பிறகு அந்தக் கடிதம் வந்தது. மேடையில் உங்கள் மகனாக நடித்தவர் கோபன்ஹேகனில் இறந்துவிட்டார். உண்மையில் அவர் உங்களைவிட மூன்று வயது மூத்தவர் என்று சொல்லிச் சிரித்தீர்கள், பிறகு நெடுநேரம் சிரிக்கவில்லை. லண்டனிலுள்ள டேனிஷ் ஆட்கள் ஒரு ஞாயிறு மத்தியானம் அவரை நினைத்துக் கூடுகிறார்கள். அந்த நாடகத்தில் தாய் கடைசியாகப் பேசுவதை நீங்கள் பேச வேண்டும். போட்டதை மறந்து ஒரே கேத்திலை மூன்றுதரம் போடத் தொடங்கியிருந்த காலம் அது.

"அங்கை நான் மறந்தால், எல்லாரும் எனக்கும் சேர்த்து அழுவினம். எனக்கு அது ஏலாது."

உங்கள் நாடகக் கொட்டகையில் மேடையின் முன்விளிம்புக்குக் கீழே ஒரு சின்னக் குழி இருக்குமாம். அதற்குள் ஒரு பெண் புத்தகத்தோடு இருந்து, நடிகர்கள் மறந்த வரியை எடுத்துக் கொடுப்பாளாம். "ஒருத்தருக்கும் அவளின்ர முகம் தெரியாது. உனக்கெண்டே செய்த வேலை!"

நீங்கள் சொல்லச் சொல்ல, டேனிஷை நான் தமிழ் எழுத்தில் எழுதினேன். ஒரு ஒப்பந்தமும் செய்தோம். "நான் சும்மா நிண்டால் அது நிறுத்தம், அதுக்குள்ள நீ வராதை. நெஞ்சில குத்தியிருக்கிற இந்தப் புரோச்சைத் தொட்டால் மறந்திட்டன். உடனை தா." ஐந்து கிழமை குசினிக் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு வரிகூடப் பிசகாமல் கொடுத்தேன். "இந்த வாய் எந்தப் பாஷைக்குத் திறக்குது பாருங்கோ" என்று அம்மா பாத்திரம் கழுவியபடி சிரித்தார்.

அந்த ஞாயிறு இந்தக் கறுப்புக் கோட்டோடு திரைக்குப் பின்னால் நின்றேன். பாதிவரை ஆறு மாதிரிப் போனீர்கள். பிறகு நின்றீர்கள். கை புரோச்சுக்குப் போனது. வரி என் நாக்கில் இருந்தது. வெளியே வரவில்லை. இரண்டாம்தரமும் தொட்டீர்கள். பிறகு மெல்லத் திரும்பி, "பிள்ளை?" என்றீர்கள். மண்டபமே திரையைப் பார்த்தது. நான் தாளை நான்காக மடித்தேன். அதைத்தான் என்னால் செய்ய முடிந்தது.

நீங்கள் தலையைக் குனிந்து வணங்கிவிட்டு இறங்கினீர்கள். கை தட்டினார்கள்.

ரயிலில் ஒரு மிட்டாயை நீட்டினீர்கள். "நல்ல நிறுத்தம், என்ன? எல்லாரும் பயந்திட்டினம்."

நான் மிட்டாயை வாங்கிக் கையில் வைத்திருந்தேன்.

"நான் மறக்கேல்லை, பிள்ளை. அவனுக்காக நிண்டனான். விளங்குதோ?"

"ஓம்" என்று தலையை மட்டும் ஆட்டினேன். மிட்டாய் வாய்க்குள் போகவில்லை, பொக்கற்றுக்குள் போனது. வைட்சாப்பலில் இருந்து ஈஸ்ட் ஹாம் வரை ஒரு மன்னிப்புக் கேட்கப் போதுமான ஸ்டேஷன்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் அடுத்ததில் கேட்கலாம் என்றிருந்தேன். மாரிகாலம் தொடங்கியதும் ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள். அங்கும் கட்டில் ஓரத்தில் அப்படியேதான் இருந்தேன்.

இப்போது ரெய்னர்ஸ் லேனில் மாமாவின் பலசரக்குக் கடையில் நிற்கிறேன். "பக்கத்திலயே வேலை இருக்க உவ்வளவு தூரம் ஏன்?" என்று அம்மா கேட்கிறார். உங்கள் தெருவைத் தாண்டாமல் போகலாம், அதுதான். நேற்றுக் கடைக்கு வந்த ஒரு வயதான அம்மா, "பிள்ளை, அந்த..." என்று இழுத்தார். "வெந்தயமோ? கடுகோ? பெருஞ்சீரகமோ?" மூன்றையும் நான் எடுத்து வைத்துவிட்டேன். "பொறு பிள்ளை, மூச்சு விட விடு!" என்றார். இப்போதெல்லாம் யார் வாய் நின்றாலும் எனக்குப் பதறுகிறது.

இரண்டாவது ரயிலும் போய்விட்டது. தாளைப் பிரிக்காமலே சொன்னேன், வாய்விட்டு, மேடைவரை கேட்கிற அளவுக்கு: "லா டோன் ஸ்டோ ஓபென்." கதவு திறந்தே இருக்கட்டும். தாய் மகனிடம் சொல்வது, அன்று நான் கொடுக்காதது. பக்கத்தில் நின்றவர் இரண்டடி தள்ளிப் போனார்.

பிறகுதான் மிட்டாயைத் தாளிலிருந்து பிய்த்து வாயில் போட்டேன்.