பொங்காலைக்கு மறுநாள் எடுத்த சளி

இன்று காலை ஜன்னலைத் திறந்ததுமே புகை உள்ளே வந்துவிட்டது. தென்னம்பாளை எரிகிற புகை, அதோடு வெல்லம் கொதிக்கிற வாசனை. ஆற்றுகால் பொங்காலை, பெண்கள் அம்மனுக்காகத் தெருவெல்லாம் அடுப்பு மூட்டிப் பொங்கல் வைக்கிற நாள். எங்கள் தெருவில் செங்கல் அடுப்புகள் வாசலுக்கு வாசல் வரிசை கட்டியிருக்கின்றன. மார்புநோய் டாக்டர் என்கிற முறையில் நான் உடனே ஜன்னலைச் சாத்தியிருக்க வேண்டும். சாத்தவில்லை. மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டு சிரித்தேன். புகையைப் பார்த்துச் சிரிக்கிற நுரையீரல் டாக்டர் இந்த ஊரில் நான் ஒருத்திதான். இன்னொருத்தி நீ இருந்தாய்.

உனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. ஹாஸ்டல் நாளிலிருந்து நாம் நேருக்கு நேர் சண்டை போட்டே பழகியவர்கள். நான் கோட்டைக்குள் இருக்கும் அக்ரஹாரத்துப் பெண். நீ பாறசாலைப் பக்கத்துத் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம். வகுப்பில் மலையாளம், பரீட்சையில் ஆங்கிலம், அறைக்கு வந்தால் உன் தமிழும் என் தமிழும் மோதிக்கொள்ளும். "நீ பேசுறது தமிழா, கோயில் மணியா?" என்று கேட்பாய். உன் தமிழில் பாதி மலையாளம் என்று நான் திருப்பிக் கொடுப்பேன். டாக்டர் பட்டம் வாங்கியதும் எல்லோரும் நர்சிங் ஹோம் வைக்கக் கனவு கண்டபோது, நீ மட்டும் நோயாளியின் உடம்புக்குள் சண்டை போடுகிற அணுக்களைத்தான் பார்க்கப் போகிறேன் என்று வெளிநாட்டுக்குப் போனாய். அங்கேயே இருந்துவிடுவாய் என்று நினைத்தோம். நீ திரும்பி வந்தாய். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் சாக்லேட் கொண்டுவருவார்கள். நீ ஐஸ் பெட்டியில் சாயக் குப்பிகள் கொண்டுவந்தாய். கஸ்டம்ஸ்காரரிடம் அரை நாள் வாதாடி அவற்றை மீட்ட கதையை, கேட்டவர்கள் அலுக்கிற வரை சொன்னாய்.

வந்ததும் என்னோடு ஓர் ஒப்பந்தம் போட்டாய். திங்கட்கிழமை காலை நீ உன் ஆய்வுக்கூடத்தை விட்டுவிட்டு என் வார்டுக்கு ரவுண்ட்ஸ் வருவாய். சனிக்கிழமை மத்தியானம் நான் வார்டை விட்டுவிட்டு உன் கூடத்தில் ஸ்லைடுகளுக்குச் சாயம் போட வேண்டும். என் விரல்கள் வாரம் முழுக்க ஊதா நிறமாக இருக்கும். அந்தக் கையோடு வீட்டில் பூஜை அறைக்குள் போனால் அம்மா கத்துவாள். "ஆஸ்பத்திரியில கண்டுபிடிக்கிறதும் ஆய்வுக்கூடத்துல கண்டுபிடிக்கிறதும் ஒண்ணையொண்ணு பாக்காம இருக்குதது, ஒரே வீட்டுல பேசாத்த புருஷன் பெஞ்சாதி மாதிரியாக்கும்" என்பாய். அதற்குப் பெரிய பெயர்கள் எல்லாம் உண்டு. நமக்கு அது திங்களும் சனியும்தான்.

அப்படி ஒரு திங்கட்கிழமையில்தான் செல்வியைப் பார்த்தாய். பொன்முடி எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறவள். ஈரக் கூரையின் பூஞ்சைத் தூசியை வருஷக்கணக்காக மூச்சில் இழுத்து, அவளுடைய நுரையீரல் அதை எதிர்த்துச் சண்டை போடத் தொடங்கி, பிறகு அந்தச் சண்டையை நிறுத்தவே இல்லை. உடம்பின் காவல்காரர்களே வீட்டை உடைக்கிற நோய் அது. உடைந்த இடமெல்லாம் தழும்பாகி இறுகிவிடும். நான் ஸ்டிராய்ட் கொடுத்தேன். அவள் முகம் வீங்கியது, மூச்சு திரும்பவில்லை. எஸ்டேட் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்று அவளுடையது; அதற்குப் போக மலைச்சரிவில் படிக்கட்டு ஏற வேண்டும். பாதி ஏறுவதற்குள் உதடு நீலமாகிவிடும் என்பதால், கீழே விதுரா மார்க்கெட் பக்கம் அக்கா வீட்டில் தங்கியிருந்தாள். மாதாமாதம் பஸ் பிடித்து வருவாள். ஒவ்வொரு முறையும் ஒரே கேள்வி.

"டாக்டரம்மா, நான் எங்க வீட்டுக்கு ஏறிப் போவ முடியுமா?"

நான் மழுப்பினேன். என் தோளுக்குப் பின்னாலிருந்து நீ பதில் சொல்லிவிட்டாய். "போவலாம். எங்களுக்குக் கொஞ்சம் சமயம் தா."

வராந்தாவுக்கு வந்ததும் உன்னைப் பிடித்துக்கொண்டேன். "யாரைக் கேட்டுண்டு அவளுக்கு வாக்கு குடுத்தே? எந்த மருந்தை வெச்சுண்டு குடுத்தே?"

"ஒரு மருந்தும் இல்ல. அதுனாலதான் குடுத்தேன். இனி நீயும் நானும் சும்மா இருக்க ஒக்காது, கேட்டியா?"

உனக்கு எவ்வளவு திமிர் என்று அன்று நினைத்தேன்.

செல்வி மாதிரி நோயாளிகளின் சளியையும் ஆரோக்கியமானவர்களின் சளியையும் எடுத்து, இரண்டிலும் இருக்கிற அணுக்கள் எங்கே வேறுபடுகின்றன என்று பார்ப்பதுதான் நம் திட்டம். உப்புநீரை ஆவியாக இழுக்கவைத்தால் ஆழத்திலிருந்து சளி வரும். ஆரோக்கியமானவர்களுக்கு எங்கே போவது? நர்ஸ் குவார்ட்டர்ஸ் பெண்கள் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார்கள். ஆஸ்பத்திரியில் நமக்குச் சளிக் கும்பல் என்று பெயரே வந்துவிட்டது. நோயாளிக் கூட்டம் குறைவாக இருக்கிற நாளாகப் பார்த்து, பொங்காலைக்கு மறுநாள் எல்லோரிடமும் எடுத்து முடித்தோம். ஊரே களைத்துத் தூங்குகிற நாள் அது. நல்ல நாள் பார்த்தோம் என்று இரண்டு பேருக்கும் பெருமை.

மாதக்கணக்கில் உழைத்து எல்லாவற்றையும் அடுக்கிப் பார்த்தால் வேறுபாடே இல்லை. நோயாளிகளின் அணுக்கள் கொதித்துக்கொண்டிருந்தன, ஆரோக்கியமானவர்களுடையதும் கொதித்துக்கொண்டிருந்தன. உன் சாயம் சரியில்லை என்றேன். நீ சளி எடுத்த விதம் சரியில்லை என்றாய். துறைத் தலைவர் இருவரையும் சமமாகப் பார்த்து, "மதியாக்காம், டாக்டரே" என்றார். போதும், நிறுத்திவிடலாம். அடுத்த கூட்டத்தில் முறைப்படி மூடிவிடுவதாக முடிவானது. கேன்டீனில் நீ உனக்குப் பிடித்த நேந்திரம்பழ பஜ்ஜியை, அந்தப் பழம்பொரியை, பிய்த்துப் பிய்த்து வைத்தாயே தவிர ஒரு துண்டும் வாயில் போடவில்லை. உன் தட்டில் பழம்பொரி மிஞ்சியதை அன்றுதான் முதல்முறை பார்த்தேன். அந்த மாதம் செல்வி ஆக்ஸிஜன் சிலிண்டரோடு வந்தாள். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அவள் கேட்காமல் போனது எனக்குக் கேட்டதை விடக் கஷ்டமாக இருந்தது.

அடுத்த கூட்டத்துக்கு முன்னால் மறுபடி பொங்காலை வந்தது. மணக்காட்டில் உன் வீட்டுக் கேட்டை வழக்கம்போல் விரியத் திறந்து வைத்தாய். அது உங்கள் தெருவின் வழக்கம். பொங்காலை போடாத வீடுகளும் போடுகிறவர்களுக்கு முற்றத்தைக் கொடுத்துவிடும். கொல்லத்திலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் வந்த பெண்கள் உன் குரோட்டன்ஸ் செடிகளுக்கு நடுவே அடுப்பு மூட்டினார்கள். நீ செங்கல் எடுத்துக் கொடுத்து, குழாய்த் தண்ணீர் பிடித்துக் கொடுத்து, கண் சிவக்க இருமிக்கொண்டு நாள் முழுக்க ஓடியிருக்கிறாய். மறுநாள் காலை ஆய்வுக்கூடத்தை மூட்டை கட்டுவதற்காகப் போன இடத்தில், இருமல் நிற்காமல், எரிச்சலில் உன் சளியையே ஒரு ஸ்லைடில் தடவிப் பார்த்திருக்கிறாய். நான் ஓ.பி.யில் இருந்தேன். போன் வந்தது.

"எட்டி, உடனே வா. எனக்க சளியைப் பாரு."

"இதுக்காடி கூப்பிடறே? இங்க கூட்டம் அள்றது."

"வந்து பாத்துட்டுத் திட்டு."

வந்து பார்த்தேன். குனிந்து பார்த்த கண்ணை எடுக்க முடியவில்லை. கரித்துகளை விழுங்கிய அணுக்கள், பக்கத்தில் கொதித்து நிற்கிற அணுக்கள். செல்வியின் ஸ்லைடு என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன்.

"அந்த நர்ஸ் பிள்ளைகள் எல்லாம் பொங்கால போட்டவளுகளாக்கும்!" என்று மேஜையைத் தட்டினாய். "நம்ம புகையடிச்ச நெஞ்சையெல்லாம் ஆரோக்கியம்னு எழுதி வச்சிருக்குதோம்!"

சிகரெட் பிடிப்பீர்களா என்று கேட்டிருந்தோம். விறகடுப்பா, கேஸா என்று கேட்டிருந்தோம். புறா எச்சத் தூசியும் நெஞ்சைக் கெடுக்கும் என்று, புறா வளர்க்கிறீர்களா என்று கூடக் கேட்டிருந்தோம். நேற்றுப் பொங்காலை போட்டீர்களா என்று மட்டும் கேட்கவில்லை. இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அது திருவிழா. அதைப் புகை என்று யார் நினைப்பார்கள்? வெளியூர்க்காரர் யாராவது இந்த ஆய்வைச் செய்திருந்தால் முதல் கேள்வியே அதுவாக இருந்திருக்கும். நானும் நீயும் தரையில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அதோடு விட்டிருந்தால் புதிதாகச் சளி எடுத்து, சாதாரண ஆய்வாக முடித்திருப்போம். நான் அதைத்தான் சொன்னேன். நீ கேட்கவில்லை. உன் சளியை நீயே தினமும் எடுத்துப் பார்த்தாய். அந்த வருஷமும் பொங்காலை போட்ட நர்ஸ் பெண்களையும் தொடர்ந்து வரச் சொன்னாய். சில நாட்களிலேயே ஒவ்வொருவர் ஸ்லைடும் அமைதியாகிக்கொண்டே வந்தது. ஒரு சனிக்கிழமை நான் சாயம் போட்டுக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றாய்.

"எல்லாருக்கும் தீ பிடிக்குது. எனக்கும் பிடிச்சுது. ஆனா அணைஞ்சுதுல்லா? நாம இதுவரை தீ எப்பிடிப் பிடிக்குதுன்னுதான் தேடுனோம். செல்விக்கு ஏன் அணையல்லன்னு ஒருத்தரும் கேக்கல்ல."

உன் வாழ்நாளில் நீ கேட்ட கேள்விகளில் மிகப் பெரியது அதுதான். நீ அதைக் கையில் டீ டம்ளரோடு, செருப்பைக் கழற்றிப் போட்டுக்கொண்டு கேட்டாய். ஆரோக்கியமான நுரையீரலில் சண்டை அடங்குகிற நாட்களில் ஒரு சின்னப் புரதம் கூடுவதைப் பிறகு கண்டுபிடித்தாய். போதும், ஆயுதத்தைக் கீழே போடுங்கள் என்று காவல்காரர்களுக்குச் சொல்கிற புரதம் அது. செல்வியிடம் அது இருந்ததாகவே தெரியவில்லை. அதற்கு முன்னாலேயே, மூடுவதற்காகக் கூட்டிய கூட்டத்தில் நீ இரண்டே படங்களைக் காட்டினாய்: அடங்கிவிட்ட உன் ஸ்லைடு, அடங்காத செல்வியின் ஸ்லைடு. துறைத் தலைவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "இது நேரத்தே பறஞ்ஞூடே?" என்றார். முன்பே சொல்லியிருக்கக் கூடாதா என்று, ஏதோ நாம்தான் ஒளித்து வைத்திருந்தது போல! வெளியே வந்ததும் நீ அதை அவர் குரலிலேயே நடித்துக் காட்டினாய்.

பிறகு வந்த வருஷங்கள் சுலபமானவை அல்ல. அந்தப் புரதத்தைக் கூட்டக்கூடிய ஒரு பழைய மருந்து, வேறு ஏதோ நோய்க்கு மாத்திரையாக இருந்தது. அதை மூச்சில் இழுக்கிற ஆவியாக மாற்ற வேண்டும். எலிகள், அனுமதிகள், நெறிமுறைக் குழு, ஆபத்தில்லை என்று காட்டுகிற முதல் சோதனை. ஒவ்வொரு கதவிலும் காத்து நின்றோம். கடைசியில் பெரிய சோதனை தொடங்கியது. சிலருக்கு மருந்து, சிலருக்கு வெறும் உப்புநீர். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. செல்வி முதல் ஆளாக ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போட்டு வந்து சேர்ந்தாள். "இந்த டீச்சரம்மா வாக்கு குடுத்தாங்க" என்று உன்னைக் காட்டினாள். உன்னை அவள் கடைசி வரை டாக்டர் என்று ஒத்துக்கொள்ளவே இல்லை.

முடிவு வருவதற்கு முன் நீ போய்விட்டாய். ஜூன் மாத இடவப்பாதி மழை, உன் இதயம், ஆம்புலன்ஸ். நுரையீரலையே பார்த்துக்கொண்டிருந்த இரண்டு டாக்டர்கள், அதற்குப் பக்கத்திலேயே இருப்பதைக் கவனிக்கவில்லை. உன் மேல் எனக்கு அப்போது வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. வாக்கு கொடுத்தது நீ, காப்பாற்றுகிற வேலை மட்டும் எனக்கா என்று உன் பூட்டிய ஆய்வுக்கூடத்தின் வாசலில் நின்று அழுதேன். மறு சனிக்கிழமை சாவி வாங்கித் திறந்து, சாயம் போட உட்கார்ந்தேன்.

முடிவைத் திறந்த நாளில், கணக்குப் பார்த்தவர் வாசித்ததை என் காது நம்பவில்லை. மறுபடி வாசிக்கச் சொன்னேன். மருந்து வேலை செய்திருந்தது. தழும்புகள் போகவில்லை, அவை போகாது. ஆனால் சண்டை அடங்கியிருந்தது, புதுத் தழும்பு விழவில்லை, மூச்சு திரும்பியிருந்தது. செல்விக்குக் கிடைத்ததும் மருந்துதான். எழுந்து நேராகப் பழவங்காடி கோயிலுக்குப் போனேன். உன் பெயரைச் சொல்லி கணபதிக்கு ஒரு தேங்காய் உடைத்தேன். நீ இருந்திருந்தால், உன் பிள்ளையாருக்கு என் ஸ்லைடு வாசிக்கத் தெரியுமா என்று கேட்டிருப்பாய். தேங்காய் சிதறியதில் ஒரு சில்லு என் புடவையில் பட்டது. பக்கத்தில் நின்ற அம்மாள், "எந்தா, ஜயிச்சோ?" என்றாள். என் முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்திருக்கிறது.

போன மாதம் செல்வியை வீட்டுக்குக் கூட்டிப் போனேன். அவளுடைய பூஞ்சைக் கூரையை முழுக்க மாற்றிய பிறகுதான் ஒப்புக்கொண்டேன்; அதில் நீ என்னை விடக் கண்டிப்பாக இருந்திருப்பாய். விதுராவில் அவளை ஏற்றிக்கொண்டு கொண்டை ஊசி வளைவெல்லாம் சுற்றி எஸ்டேட்டுக்குப் போய், லைன் வீடுகளின் கீழே காரை நிறுத்தினோம். படிக்கட்டு செங்குத்தாக மேலே போனது. நான் அவள் விரலில் ஆக்ஸிஜன் பார்க்கிற கருவியை மாட்டினேன். அவள் அதைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு ஏறத் தொடங்கினாள். நிதானமாக, ஆனால் நிற்காமல். பாதியில் மூச்சு வாங்கி இடுப்பில் கைவைத்து நின்றது நான்தான்.

"டாக்டரம்மா, உக்காந்து மெதுவா வாங்க!"

மேலே போய்ச் சேர்ந்தவள் வீட்டுக்குள் நுழையவில்லை. வாசலில் நின்று எதிர்ச்சரிவைப் பார்த்தாள். அங்கே முன்பு அவளோடு வேலை செய்த பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். அந்த எஸ்டேட்டில் யாரும் போனில் கூப்பிடுவதில்லை. சரிவிலிருந்து சரிவுக்குக் குரல் கொடுப்பதுதான் வழக்கம். பேசினாலே பாதி வார்த்தையில் மூச்சு அறுந்துபோய்க்கொண்டிருந்த அந்தப் பெண், நெஞ்சு நிறையக் காற்றை இழுத்தாள்.

"ராஜாத்தி அக்காவ்! நான் வந்துட்டேன்!"

மலை முழுக்கக் கேட்டது. ஒரு கணம் அங்கே எல்லாக் கைகளும் நின்றன. பிறகு அந்தப் பக்கத்திலிருந்து ஒருத்தி, இன்னொருத்தி, பிறகு மொத்தமாக எல்லோரும் பதில் குரல் கொடுத்தார்கள். அவள் மறுபடி கூப்பிட்டாள். தேவையே இல்லாமல், முடிகிறது என்பதற்காகவே, திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள்.

படிக்கட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது ஒவ்வொரு புது நோயாளியின் முதுகிலும் ஸ்டெதஸ்கோப்பை வைக்கும்போது, அந்த இரைச்சலுக்கும் விசிலுக்கும் அப்பால் எந்தச் சத்தத்தைத் தேட வேண்டும் என்று எனக்குத் தெரிகிறது. அன்று அந்த மலையில் அவள் குரல் ஓய்ந்த பிறகு, உனக்குக் கேட்கட்டும் என்று நானும் என் பங்குக்கு எழுந்து நின்று கத்தினேன். செல்வி திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். எனக்கு வெட்கமாகவே இல்லை.

"ஜெயிச்சுட்டோம்டி!"