எத்தனை பிள்ளைங்க?

இரட்டையரின் அப்பாவுக்கு,

லேபில் எனக்கு இன்று காலை ஷிஃப்ட். நீங்கள் மூவரும் அசந்து தூங்கியதால் எழுப்பவில்லை.

சின்னவளுக்கு எட்டு மணிக்கு வலிப்பு மருந்து. சிரிஞ்சில் கோடு போட்டிருக்கிறேன். கன்னத்தின் உள்பக்கமாக, மெதுவாக விடுங்கள். சோற்றைக் கெட்டியாக மசித்துக் கொடுங்கள், நீர்த்துப்போனால் புரையேறும். பெரியவன் தானே சாப்பிடுவான். பாதி தரைக்குப் போகும், போகட்டும்.

பத்து மணிக்கு பிசியோ அக்கா வருவார். சின்னவள் பிடிமானம் இல்லாமல் எவ்வளவு நேரம் உட்காருகிறாள் என்று கேட்பார். ஒரு நிமிடம்தான். கூட்டிச் சொல்ல வேண்டாம்.

நேற்று போனில் உங்கள் பழைய நண்பரிடம், "ரெண்டு வயசுப் பையன், வீடு பூரா ஓடுறான்" என்று சொல்லி அதோடு நிறுத்திக்கொண்டீர்கள். "இன்னொருத்தி எங்க போனா?" என்று நான் கத்தினேன். நீங்கள் துணி மடிக்கப் போய்விட்டீர்கள்.

சாவி ஃபிரிட்ஜ் மேல் இருக்கிறது.

பி.கு: போன வாரம் பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மா, "எத்தனை பிள்ளைங்க?" என்று கேட்டார். என் மடியில் பெரியவன் மட்டும் இருந்தான். "ஒரே பையன்தாங்க" என்று சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் விளக்க அலுப்பாக இருந்தது. இதை உங்களிடம் சொல்லவில்லை. நேற்று கத்தியது உங்களைப் பார்த்து மட்டும் அல்ல.

மூன்றரைக்கு வந்து இறங்குவேன். இரட்டைத் தள்ளுவண்டியில் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு ஸ்டாப்புக்கு வாருங்கள்.