பனித்துளிப் பேர்

அன்புள்ள சஃபியாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சார்ஜாவில் நான் சுகம். நீயும், ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் நம் மகளும் சுகந்தானா? போனில் சொன்னால் குரல் காட்டிக்கொடுத்துவிடும், அதனால் எழுதுகிறேன்.

கோட்டைமேட்டு வீட்டுக்கு வந்ததும் அவளுக்குச் சூட்ட நினைத்த ‘ஷப்னம்’ என்ற பேரை, நான் வேலை பார்க்கும் கடைக்குப் பக்கத்துக் கம்பளக் கடை ஈரானியரிடம் பெருமையாகச் சொன்னேன். “எங்கள் பார்சிச் சொல்தான். ஷப் என்றால் இரவு, நம் என்றால் ஈரம். பனித்துளி” என்றார்.

அழகுதான். ஆனால் வெயில் வந்தால் காய்ந்துவிடுமே! சிரிக்காதே. உன் அத்தா, “எடை ஏறுதுங்க மாப்பிள்ளை, பயப்படாதீங்க” என்கிறார். எவ்வளவு என்றால் பேச்சை மாற்றுகிறார்.

வேறு பேர் பார். அவளுக்கு மெல்லிய போர்வையாக வாங்கு. கடையில் கூப்பிடுகிறார்கள். ஒன்றே ஒன்று: உச்சி வெயில் நேரத்தில் அவள் அழும் சத்தத்தைப் பதிந்து அனுப்பு.

உன் சாஜித்