விழும் என்று நீங்கள் எழுதிக் கொடுத்த சத்திரம்

எதிர்வீட்டுக்கு வெள்ளையடிக்கிறார்கள். காலையிலிருந்து தொட்டியில் சுண்ணாம்பு கொதிக்கிறது. அந்த நெடி சன்னல் வழியாக வந்து, கூடத்தில் மாட்டியிருக்கும் உங்கள் படம் வரைக்கும் நிறைந்துவிட்டது. நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. துக்கம் கேட்க வந்தவர்களெல்லாம் "உங்க வீட்டுக்காரரு தங்கமான மனுசன்" என்றார்கள். நானும் தலையாட்டினேன். இன்றைக்கு யாராவது வந்து அப்படிச் சொன்னால் தலை ஆடாது.

கல்யாணமான புதிதில், ஐம்பதுகளின் தொடக்கத்தில், சாயங்காலமானால் என்னைத் திண்டுக்கல் தெருக்களில் நடத்திக் கூட்டிப்போவீர்கள். மற்றவர்கள் பெண்டாட்டியைச் சினிமாவுக்குக் கூட்டிப்போனார்கள். நீங்கள் கட்டட வேலைகளைப் பார்வையிடும் ஓவர்சீயர், எனக்குச் சுவர் காட்டினீர்கள். ரத வீதியில் எந்த வீடு பழசு, எந்த வீடு பழசு போல வேஷம் போடுவது என்று பார்த்தவுடன் சொல்வீர்கள். மலைக்கோட்டைக்குப் போகும் வழியிலிருந்த சத்திரத்தின் முன்னால் மட்டும் நீண்ட நேரம் நிற்போம். கல்தூண் நிறுத்திய முகப்பு, ஒரு ஆள் படுக்கலாம் போல அகலமான சுவர். உள்ளங்கையால் தட்டுவீர்கள்.

"கடுக்காத் தண்ணி ஊத்தி அரைச்ச சுண்ணாம்புக் காரை. நம்ம பேரப்புள்ளைக காலத்துலயும் இது இப்பிடியேதான் நிக்கும்."

எனக்கு அப்போது இருபது வயது. அந்த வயதில் பெருமைப்பட அவ்வளவு போதும்.

வெளியூர்ப் பெண்கள் ஆஸ்பத்திரியில் கிடக்கும் புருஷனுக்கோ பிள்ளைக்கோ கஞ்சி காய்ச்சிக் கொண்டுபோக, அந்தச் சத்திரத்தை விட்டால் வேறு இடம் கிடையாது. அறுபதுகளில் அதன் டிரஸ்டிக்கு அங்கே கடைகள் கட்டும் ஆசை வந்தது. தங்கியிருப்பவர்களை வெளியேற்ற ஒரு காகிதம் வேண்டியிருந்தது. உங்கள் மேலதிகாரி கூப்பிட்டுச் சொன்னார். கட்டடம் எந்நேரமும் இடிந்து விழும் நிலையில் இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தீர்கள். உங்களை யாரும் மிரட்டவில்லை. வேலைக்கு ஆபத்து என்றுகூட யாரும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து நீங்களே பூரித்துப்போய்ச் சொன்னீர்கள்:

"எதுத்தாப்புல சரிசமமா உக்கார வச்சுக் காப்பி குடுத்தாருடி."

அதற்குத்தான். இன்னும் கொஞ்சம் பெரிதாக எதற்காவது நீங்கள் விலைபோயிருந்தால், உங்களை வெறுக்கவாவது செய்திருப்பேன்.

சத்திரத்திலிருந்து ஆட்களை வெளியேற்றிய அன்று நான் கடைவீதியிலிருந்து அந்த வழியாக வந்தேன். தெருவில் சட்டி பானைகளோடு ஒரு அம்மாள் நின்றிருந்தாள். தொப்பம்பட்டிப் பக்கம், பெயர் வள்ளியாத்தாள். தென்னை மரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்த புருஷன் ஆஸ்பத்திரியில் கிடந்தான். நான் அவளை வீட்டுக்குக் கூட்டிவந்தேன். நீங்கள் ஆபீசிலிருந்து வந்ததும், என்னிடம் விவரம் கேட்டுத் தெரிந்திருந்த அவள் எழுந்து நின்றாள்.

"ஏனுங்க, சத்திரம் விழுந்துருமுன்னு எழுதுனது நீங்கதானுங்களா? உள்ள வந்து பாத்தீங்களா? பத்து நாளா அங்கதானுங்க கெடந்தேன். முந்தாநேத்து மழைக்குக்கூட ஒரு சொட்டு ஒழுகலீங்க."

நீங்கள் அவள் பக்கமே திரும்பவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டீர்கள்: "இன்னைக்குச் சோத்துக்கு என்ன வெஞ்சனம்?"

மறுநாள் விடிந்ததும் அவள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி வராந்தாவுக்குப் போய்விட்டாள். இருக்கச் சொல்லிக் கெஞ்சினேன். "வேண்டாங்கம்மா, உங்களுக்கு எதுக்குங்க சங்கடம்" என்று மட்டும் சொன்னாள்.

எந்நேரமும் விழும் என்று நீங்கள் எழுதிய அந்தக் கட்டடத்தை விழவைக்க மூன்று வாரம் ஆயிற்று. கடப்பாரை மழுங்கியது. சம்மட்டிக் காம்பு முறிந்தது. வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடியது. இடிக்க வந்த கொத்தனார் தெருவைப் பார்த்து, "எந்தப் புண்ணியவான்யா இது விழுகும்னு எழுதிக் குடுத்தது? எங்க தோள்பட்டைதான் விழுகுது!" என்று கத்த, கூட்டம் சிரித்ததாம். தெருப் பெண்கள் ஒருத்தி பாக்கி இல்லாமல் வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டுப் போனார்கள்.

அந்த நாட்களில் நீங்கள் லீவு போட்டுவிட்டுப் போர்வைக்குள் படுத்திருந்தீர்கள். நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன். ஜில்லென்று இருந்தது.

"காய்ச்சல் இல்லீங்களே."

"உள்ளுக்குள்ள இருக்கு" என்றீர்கள்.

அதற்குப் பிறகு சாயங்கால நடை நின்றது. ஆபீசுக்குக்கூட அந்தத் தெருவைத் தவிர்த்து மணிக்கூண்டைச் சுற்றிக்கொண்டு போனீர்கள். சத்திரத்து இடத்தில் எழும்பிய கடைகளின் சுவரில் இரண்டாம் மழைக்கே விரிசல் கண்டது. அது விழும் என்று எழுத எந்த ஓவர்சீயரும் வரவில்லை.

கடைசியில் அதே ஆஸ்பத்திரியில் படுத்திருந்தீர்கள். பிள்ளைகள் வெளியே போன நேரமாகப் பார்த்து என் கையைப் பிடித்தீர்கள்.

"அந்தச் சத்திரத்தப் பத்திப் புள்ளைககிட்ட எதுவும் சொன்னியா?"

"இல்லீங்க."

உங்கள் முகம் தெளிந்தது. உங்கள் மானத்தை நான் காப்பாற்றி வைத்திருந்ததாக நினைத்துக்கொண்டு கண்ணை மூடினீர்கள். போகிற மனுஷனிடம் எதற்கென்று நானும் விட்டுவிட்டேன். உண்மை வேறு. அந்தக் கடைகளின் திறப்பு விழாவில் உங்களுக்கு மாலை போட்டார்களே, அப்போது முன்வரிசையில் அரக்குப் பட்டு கட்டிக்கொண்டு உட்கார்ந்து கைதட்டியவள் நான். உங்கள் கதையைப் பிள்ளைகளிடம் சொல்ல வாயைத் திறக்கும்போதெல்லாம் அதையும் சொல்லியாக வேண்டியிருக்கிறது.